திரும்பி வரும் தட்டுகள்

தட்டின் முன்பக்கம் இப்படித்தான் இருக்கும் போல. நாலு வருஷமாக இந்த ஹோட்டலின் மண்தட்டுகளைக் கழுவுகிறேன். அடியில் எங்கே சொரசொரப்பு, எதன் விளிம்பில் நகக்கண் அளவு உடைந்திருக்கிறது, எது சுடுதண்ணீர் பட்டால் நிறம் கருக்கும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன். ஆனால் சாப்பாட்டோடு, ஆவியோடு, யாரும் கை வைக்காத ஒரு தட்டு என் முன்னால் வந்து உட்காருவது இதுதான் முதல் தடவை. எனக்கு வருவதெல்லாம் முடிந்துபோன தட்டு. கறிவேப்பிலையை ஒதுக்கிய தட்டு, முள்ளை ஓரமாக அடுக்கிய தட்டு, காகிதத்தைக் கசக்கிப் போட்ட தட்டு. இன்றைக்கு அதே தட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கம்பங்கூழ், பக்கத்தில் வறுத்த மிதுக்கங்காய் வத்தல் நாலு. கொண்டுவந்து வைத்த தெபோரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். காலையில் என்னோடு பின்வாசல் படியில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்த பெண். இப்போது மற்ற மேசைக்காரர்களிடம் ஒப்பிப்பது போலவே, "இது சாத்தூர்ப் பக்கத்துக் கம்பு, மேடம். ரெண்டு நாள் புளிக்க வச்சது. வத்தலைக் கடிச்சுக்கிட்டே குடிக்கணும்" என்கிறாள். மேடம் என்றதும் எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. அவளுக்கும்தான், உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் வடிவு மதினிக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மடியில் விரித்த துணியை இன்னொரு தடவை நீவிவிட்டு, "ஏ வேலு, நாலு பேர் இருக்க இடம். ஒழுங்கா இரு" என்கிறாள். என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் நான் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இருக்கிறேன். முதுகை நேராக வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாற்காலிக்குக் கை இல்லை, கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. மேசைமேல் வைத்தால் விரல் தெரியும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நுனியெல்லாம் வெடித்த விரல். மடியில் வைத்துக்கொள்கிறேன். கூழ் குடிக்கக் கை வெளியே வரத்தானே வேண்டும், வரட்டும், என்ன இப்போது. கூழ் நன்றாகப் புளித்திருக்கிறது. இந்தக் கிண்ணம் எப்போதும் அடியில் ஒரு வாய் மிச்சத்தோடுதான் எனக்கு வரும். ஏன் என்று இப்போது புரிகிறது, கிண்ணத்தின் வாய் குறுகல், சாய்த்தால் மூக்கு இடிக்கிறது, கடைசி வாயை எடுக்க முடியவில்லை. நான் விரலை விட்டு வழிக்கிறேன். மதினி முறைக்கிறாள். நான் இப்படி வந்து உட்கார்ந்திருப்பது, அடுப்படியில் தானே நிற்கிற முதலாளி நேசன் சார் இந்த வருஷம் கொண்டுவந்த வழக்கம். ஹோட்டலில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் விருந்தாளியாக வந்து உட்கார வேண்டும். கூட ஒருவரை அழைத்து வரலாம். முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், என்ன சரியில்லை என்று, உண்மையாக. வாட்ச்மேன் அண்ணன் எல்லாம் பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஓடியே போனார். தெபோரா பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தார்கள். பெரிய சமையல்காரர் கதிரேசன் விரால் குழம்பில் புளி பத்தவில்லை என்றார். நேசன் சார் முகம் சுருங்கிப்போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் கதிரேசன் இல்லை. கோயம்புத்தூரில் நல்ல இடம் கிடைத்துத்தான் போனார், அது எனக்கும் தெரியும், ஆனால் புளியைச் சொன்னதால்தான் போனார் என்று ஒரு பேச்சு அடுப்படியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் என்ன சொல்வது. நாற்காலிக்குக் கை வேண்டும் என்று சொல்லலாம். அது உண்மைதான். அது போதும்.

போதாது என்று எனக்கே தெரிகிறது. காலையில் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவும் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருக்கிறது, தட்டு வருகிற ஜன்னல், சத்தமும் அதன் வழியாகத்தான் வரும். நேசன் சார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார், "அதலைக்காயை ஞாயித்துக்கெழமையோட எடுத்துடலாம். தட்டுத் தட்டாத் திரும்பி வருது. சனங்களுக்குக் கசப்பு இறங்க மாட்டேங்குது. நாமளும் எவ்வளவுதான் பாடுபடுறது." நான் கையில் வைத்திருந்த தட்டைத் தொட்டிக்குள் விட்டுவிட்டேன். உடையவில்லை. அதலைக்காய் எங்கள் பக்கத்துக் காய். விளாத்திகுளம், எட்டயபுரம், அந்தக் கரிசல் மண்ணில் மட்டும்தான் வரும். சுண்டுவிரல் நுனி அளவு, பச்சையாக, மேலே வரி வரியாக. யாரும் விதைப்பதில்லை. ஐப்பசி மழை விழுந்தால் மண்ணுக்குள் கிடக்கிற கிழங்கு தானாகக் கொடி விடும், பருத்திக்கும் சோளத்துக்கும் நடுவே படர்ந்து கிடக்கும். பறித்து இரண்டு நாள் வைத்தால் வெடித்துப் போகும், அதனால் லாரியேறி எங்கேயும் போனதில்லை. சின்னப்பிள்ளையில் எனக்கு அது ஒன்றும் பிடித்ததில்லை, வேறு காய் வாங்க முடியாத வீட்டில் தட்டில் விழுகிற காய், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். அதே காய் மூன்று வாரத்துக்கு முன்னால் கூடையோடு இந்த ஹோட்டலுக்குள் வந்தது. விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு பெண்கள் கொண்டுவருகிறார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சாப்பாட்டு அட்டையில் காயின் பேரும் ஊரின் பேரும் அச்சடித்திருக்கிறது. தெபோரா அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது ஈரக்கையோடு வாங்கி அந்த எழுத்தின் மேலேயே ஒரு சொட்டு விட்டேன். துடைத்தேன், மை கலையவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு யார்மீதும் கோபமே வரவில்லை.

"என்ன யோசன, சாப்பிடு" என்கிறாள் மதினி. இரண்டாவது தட்டு வந்துவிட்டது, கண்மாய் விராலும் புளிச்சகீரையும். மதினிக்குக் கையால் சாப்பிடுவதா கரண்டியால் சாப்பிடுவதா என்று ஒரு தயக்கம், பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்க்கிறாள், அவர்கள் கையால்தான் சாப்பிடுகிறார்கள் என்று கண்டதும் நிம்மதியாகக் கரண்டியைக் கீழே வைக்கிறாள். சாத்தூரில் முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஆயிரம் பிள்ளைகளுக்கு அளந்து போட்ட கை. நான் இந்த வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் போன் பண்ணி என் வீட்டுக்காரரிடம், "எச்சித் தட்டு கழுவவா ஒம் பொண்டாட்டிய அனுப்புற" என்று கேட்டவள். போன் அவர் கையில், சத்தம் வீடு முழுக்க. அதற்கப்புறம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "வேலு மதுரையில பெரிய ஹோட்டல்ல சூப்பர்வைசர்" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். யாராவது என்னிடம் கேட்டால் நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவமானம் என்றில்லை. அவள் சொன்ன பொய்யை நான் எப்படி உடைப்பது. இன்றைக்கு வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டேன். "எனக்கு அங்க உக்காந்தா தொண்டையில இறங்காது, அக்காவக் கூட்டிட்டுப் போ" என்றார். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், வர முடியாது. மதினியைக் கூப்பிட்டால் வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். முன்வாசலில் நுழையும்போது கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்து, "வாங்க வேலக்கா" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடை மதினி பார்த்தாள். அது எனக்குப் போதும், அதற்கு மேல் இன்றைக்கு ஒன்றும் நடக்கவே வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

விராலில் புளி சரியாகத்தான் இருக்கிறது. கதிரேசன் சொன்னதற்கப்புறம் கூட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் நேசன் சார் கேட்டிருக்கிறார், முகம் சுருங்கினாலும் கேட்டிருக்கிறார். உள்ளே என் இடத்தில் இன்றைக்குப் பாண்டியம்மா நிற்கிறாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன், பேச்சுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி டம்ளரைக் கடைசியில்தான் கழுவ வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், எண்ணெய்த் தொட்டியில் போட்டிருப்பாளோ. பாகுத் தட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். பாகு. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அதலைக்காயை நேசன் சார் இரண்டிரண்டாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் பிழிந்து, வதக்கி, மேலே கருப்பட்டிப் பாகு ஊற்றித் தருகிறார். அந்தப் பாகுக்கு மூன்று மாதம் பாடுபட்டார். சுக்கு, ஏலம், இன்னும் என்னென்னவோ, பதம் தப்பித் தப்பிக் கொட்டினார், அந்தச் சட்டிகளையும் நான்தான் தேய்த்தேன். கடைசியில் ஒரு நாள் பதம் வந்தது, பத்திரிகைக்காரர்கள் வந்து பாகைப் பற்றி எழுதிவிட்டுப் போனார்கள், அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறது. இப்போது தட்டு திரும்பி வருகிறது. பரிமாறுகிறவர்கள் மேசையிலிருந்து தட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னலில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பது பழுப்பாக மெழுகிக் கிடக்கிற ஒரு தட்டு. பாதிக்குமேல் மிச்சம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான்தான் அதைப் பிரிக்கிறேன், சாய்க்கிறேன், வழிக்கிறேன். முதல் நாளே பார்த்தேன். காய் இல்லை. பாகு மட்டும் இருக்கிறது. காயைப் பாகிலிருந்து தேடிப் பொறுக்கித் தின்றிருக்கிறார்கள். தட்டில் விரல் இழுத்த கோடுகூடத் தெரிகிறது. எட்டுப் பேர் வந்த கல்யாணக் கூட்டத்தின் தட்டிலும் அப்படித்தான். வெளிநாட்டுக்காரத் தம்பதியின் தட்டிலும் அப்படித்தான். சனங்களுக்கு இறங்காதது கசப்பு இல்லை. இனிப்பு. இது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

தெரிந்து என்ன. இதைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார். பாகு காய்ந்துபோனால் மண்தட்டிலிருந்து லேசில் போகாது, நகத்தால் சுரண்ட வேண்டும், தினமும் அதற்கே முக்கால் மணி நேரம் கூடப் போகிறது. கழுவக் கஷ்டமாக இருக்கிறது என்று இவள் பாகைக் குறை சொல்கிறாள் என்று நினைக்க மாட்டாரா. நினைத்தால் அதில் தப்பும் இல்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், வேலுத்தாய், நீ காய்க்காகப் பேசுகிறாயா, உன் நகத்துக்காகப் பேசுகிறாயா. நகம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நகம் வலிப்பதால் காய் தின்னப்படாமல் போய்விடுமா. இரண்டும் உண்மை. இரண்டு உண்மை ஒரே இடத்தில் இருந்தால் எதை முதலில் சொல்வது. கதிரேசனுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது, எனக்கு எந்த ஊரில் எந்தத் தொட்டி காத்திருக்கிறது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது. நாற்காலிக்குக் கை வேண்டும். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமையோடு விளாத்திகுளத்துப் பெண்கள் பஸ் ஏறுவது நிற்கும். அட்டையில் அந்த வரியை எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் முருங்கைக்காயோ எதுவோ வரும். எங்கள் மண்ணில் வருகிற காய் ஊராருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு முடிவாகிவிடும். பிடித்திருக்கிறது, வழித்துத் தின்றிருக்கிறார்கள், நான் பார்த்தேன், நான் ஒருத்திதான் பார்த்தேன்.

மூன்றாவது தட்டு வருகிறது. தெபோரா வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, அவளுக்கும் காலைச் சேதி தெரியும். "அதலைக்காய், மேடம். கருப்பட்டிப் பாகோட" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். வாசம் முதலில் பாகுடையதுதான், சுக்கு மணம். பார்க்க அழகாக இருக்கிறது, பழுப்புக்கு நடுவே பச்சை. நான் இதை இப்படி முழுதாகப் பார்த்ததே இல்லை. ஒரு வாய் எடுக்கிறேன். பல்லில் இனிப்பு ஒட்டுகிறது, தேன் மாதிரி நாக்கை மூடுகிறது, கசப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, அப்புறம் மெல்ல மெல்ல அடியிலிருந்து அது கிளம்பி வருகிறது, உப்பில் பிழிந்தும் போகாத கசப்பு. பாவற்காய்க் கசப்பு இல்லை, அதைவிடப் பக்குவமானது, விழுங்கியதற்கப்புறம் தொண்டையில் ஒரு குளிர்ச்சி. இது என்னுடையது என்று உடம்பு சொல்கிறது. எனக்கு ஏன் கண் கரிக்கிறது. மதினி தலை நிமிராமல் சாப்பிடுகிறாள். அவள் விரல்களைப் பார்க்கிறேன். காயைத் தேடி எடுக்கிறது, விளிம்பில் லேசாகத் தட்டி உதறுகிறது, பாகு சொட்டி விழுந்ததும் வாய்க்குக் கொண்டுபோகிறது. மறுபடியும். மறுபடியும். எனக்கு வளைகாப்பு நடந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இதே காயை நான் சின்ன வெங்காயம் போட்டு வதக்கி வைத்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போனபின் தட்டைப் பார்த்தேன், கழுவினாற்போல இருந்தது. அன்றைக்கே தெரிந்துகொண்டேன், இவள் வாயை நம்ப வேண்டாம், தட்டைப் பார்த்தால் போதும் என்று. இப்போது என் தட்டைப் பார்க்கிறேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேர் தட்டிலும் காய் ஒன்றுகூட இல்லை. பாகு மட்டும் குளம் கட்டி நிற்கிறது.

அப்போதுதான் நேசன் சார் வருகிறார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எழுந்திருக்கப் போன என்னைக் கையமர்த்துகிறார். "உக்காருங்க வேலக்கா. இன்னைக்கு நீங்க விருந்தாளி. எப்படி இருந்துச்சும்மா உங்களுக்கு" என்று மதினியைக் கேட்கிறார். மதினி வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பிரமாதம் சார். அதுவும் அந்தப் பாகு இருக்கே, அமிர்தம்" என்கிறாள். நேசன் சார் சிரிக்கிறார், சந்தோஷமில்லாத சிரிப்பு. "நீங்கதாம்மா சொல்றீங்க. ஞாயித்துக்கெழமையோட அதை எடுத்துடப் போறேன். கசப்பு யாருக்கும் இறங்கல." அப்புறம் என் பக்கம் திரும்புகிறார். "உங்க முறை வேலக்கா. ஒண்ணே ஒண்ணு. உண்மையா." நாற்காலிக்குக் கை வேண்டும். வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது. மேசைக்கடியில் மதினியின் கால் என் காலைத் தொடுகிறது, எதையாவது உளறி வைக்காதே என்று. அவள் தொடாமல் இருந்திருந்தால் நாற்காலியைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "சார், இந்த ரெண்டு தட்டையும் பாருங்க" என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. அவர் பார்க்கிறார். "பாத்தேன். மிச்சம் வச்சிருக்கீங்க. உங்க ஊர்க் காய், நீங்களே மிச்சம் வச்சா மத்தவங்கள நான் என்ன சொல்ல." "காய் எங்க சார் மிச்சம் இருக்கு" என்கிறேன்.

அவர் குனிகிறார். என் கரண்டியை எடுத்துப் பாகை ஒரு பக்கமாக ஒதுக்குகிறார். தட்டின் அடி தெரிகிறது. இன்னொரு பக்கம் ஒதுக்குகிறார். மதினியின் தட்டை இழுத்து அதையும் பார்க்கிறார். மதினி மடியில் இருக்கிற துணியை நீவிக்கொண்டிருக்கிறாள், இப்போதுதானே அமிர்தம் என்றாள். நான் நிறுத்தினால் மறுபடி பேச முடியாது, அதனால் நிறுத்தவில்லை. "மூணு வாரமா இப்படித்தான் சார் வருது. காயைத் தின்னுட்டு பாகை விட்டுட்டுப் போறாங்க. மேல இருந்து பாத்தா மிச்சம் மாதிரி தெரியும். வழிச்சாத்தான் தெரியும். கழுவக் கஷ்டமா இருக்குன்னு சொல்லல சார். கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காகச் சொல்லல." சொல்லிவிட்டேன். இரண்டையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்குகிறது, கதிரேசன் பார்த்தது இந்த முகத்தைத்தான் போல. ஆனால் கிட்டத்திலிருந்து பார்க்கும்போது அது கோபமாகத் தெரியவில்லை. வலிக்கிற முகம். திரும்பி, "தெபோரா, நாலாம் மேசைத் தட்ட உள்ள அனுப்பாத. இங்க கொண்டா" என்கிறார். மூன்று தட்டுகள் வருகின்றன, அடுக்காமல், ஒவ்வொன்றாக. இரண்டில் பாகு மட்டும். மூன்றாவதில் காயும் அப்படியே கிடக்கிறது, ஒரே ஒரு துண்டு கடித்து வைத்திருக்கிறது. இதை மறைத்துவிடத்தான் தோன்றுகிறது. ஆனால் பொய் சொல்ல முடியாது. "இவங்களுக்குக் கசப்பே ஆகாது சார். அப்படியும் வரும். பத்துத் தட்டுக்கு ரெண்டு." அவர் தலையாட்டுகிறார். அந்தத் தட்டைத்தான் ரொம்ப நேரம் பார்க்கிறார், நான் அதை மறைக்காததைப் பார்க்கிறாரோ என்னவோ.

"மூணு மாசம் வேலக்கா, இந்தப் பாகுக்கு" என்கிறார் மெதுவாக. "தெரியும் சார். அந்தச் சட்டியெல்லாம் நான்தான் தேய்ச்சேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். மதினி தொண்டையைச் செருமுகிறாள். என்ன சொல்லப் போகிறாளோ. "சார், ஒரு மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னேன். இனிப்பு எனக்கும் ஒட்டல. காய் நல்லா இருந்துச்சு. எங்க தம்பி சம்சாரம் சொல்றது சரிதான். அவ நாலு வருஷமா இங்க பாத்திரம் கழுவுறா, அவளுக்குத் தெரியும்." பாத்திரம் கழுவுறா. சத்தமாக, பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி, சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற குரலில். நான் மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது ஆகிவிடும். மடியிலிருந்த கையை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். இரண்டு கையையும். "அப்ப எப்படிக் குடுக்கலாம், சொல்லுங்க" என்கிறார் நேசன் சார். எனக்குத் தெரியும், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், மேலே கொஞ்சம் வேர்க்கடலைப் பொடி, வாய் வரைக்கும் வருகிறது. சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. "அது உங்க வேலை சார். திரும்பி வருதா இல்லையான்னு நான் சொல்றேன்" என்கிறேன். சொன்னபின்தான் அதன் கனம் எனக்கே உறைக்கிறது. ஏறிட்டுப் பார்க்கிறார். "சரி. நாளைலேருந்து பாகில்லாமப் போட்டுப் பாப்போம். ஞாயித்துக்கெழமைக் கணக்கெல்லாம் இப்ப வேண்டாம்" என்கிறார். விளாத்திகுளத்துப் பெண்கள் வியாழக்கிழமை பஸ் ஏறுவார்கள். ஏறட்டும்.

போய்விடுவார் என்று நினைக்கிறேன். போகவில்லை. துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல" என்கிறார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. "என்கிட்ட தட்டுத்தான் சார் வரும்" என்கிறேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல். அவர் அதை யோசிக்கிறார். அடுப்படியில் யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள், திரும்பாமல் கையை மட்டும் காட்டுகிறார், இருங்கள் என்று. "வேற என்னென்ன திரும்பி வருது, வேலக்கா" என்று கேட்கிறார். நாலு வருஷம். எத்தனை தட்டு என்று நினைத்துப் பார்த்ததில்லை. யார் எதை ஒதுக்கினார்கள், எந்த மாதத்தில் எது அப்படியே வந்தது, பிள்ளைகள் எதைத் துப்பினார்கள், வயசானவர்கள் எதை மெல்ல முடியாமல் காகிதத்துக்கடியில் ஒளித்து வைத்தார்கள், எதை மட்டும் எல்லாரும் வழித்து நக்கினாற்போல அனுப்பினார்கள், எல்லாம் என்னிடம் இருக்கிறது. மனதில் இப்படி அடுக்கி வைத்திருக்கிறேன் என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. மதினி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். ஒரு வாய் குடிக்கிறேன்.

"உக்காருங்க சார், சொல்றேன்" என்கிறேன். பக்கத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். நான் கூழ்க் கிண்ணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.